இருநூற்றுப் பதினான்காவது வரி

இருபத்தோராம் அத்தியாயம். பாலத்தில் மழை.
வெள்ளி முடிக்காரன் வாளைக் கீழே போடவில்லை,
ஓங்கவும் இல்லை.
அவன் ஊரை எரித்தவளின் மகள் எதிரே நிற்கிறாள்.
பதினொரு விநாடி யாரும் பேசுவதில்லை.
கண்ணோரம் வரைந்த ஒற்றைக் கோடு மட்டும்
கொஞ்சம் நடுங்குகிறது.
இருபது அத்தியாயமாகக் குடும்பப் பெயரோடு
மரியாதை ஒட்டுச் சேர்த்துக் கூப்பிட்டவள்
ஒட்டைக் கழற்றிவிட்டு
வெறும் பெயரைச் சொல்கிறாள்.

அவ்வளவுதான். ஜப்பானில் அதற்கே அழுதிருப்பார்கள்.
நான் அதற்குத் தமிழில் ஒரு வரி எழுத வேண்டும்,
மார்த்தாண்டத்தில், மேம்பாலத்துக்கு அடியில்
பகல் முழுக்க செல்போன் கண்ணாடி மாற்றிவிட்டு வந்து,
ரப்பர் ஷீட் நாறும் மாடியறையில்,
கரண்ட் போவதற்குள்.

'நீங்க' என்றிருந்ததை 'நீ' ஆக்கினேன்.
யாருக்கும் வலிக்கவில்லை.
'டா' போட்டேன். காதல் படமாகிவிட்டது.
அழித்தேன்.

விநாடி பொருத்துகிறவள் அபிஷா.
கல்லூரியில் கடைசி பெஞ்சில் தொடங்கியது:
நான் வரி, அவள் நேரம்.
எட்டி என்பேன். எட்டி என்பாள்.
யார் மனதில் யார் என்று
மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவேன்,
குடை எந்தப் பக்கம் சாய்கிறது,
கூட்டம் கலையும்போது யார் கடைசியாகத் திரும்புகிறார்
என்பதை வைத்து.
"உனக்குக் கண்ணு ரெண்டும் சிசிடிவியாக்கும்" என்பாள்.
அந்தச் சிசிடிவிக்கு
அதே திரையின் இன்னொரு ஜன்னலில்
ஒரு வருடமாக அவள் என் அண்ணனுக்கு எழுதியது
தெரியவில்லை.
சம்பந்தம் பேச ஆட்கள் வந்த அன்று
எல்லோரையும் போல எனக்கும் தெரிந்தது.

பிறகு அவள் மைனி.
"மைனிய எட்டின்னு விளிக்கப்பிடாது," அம்மா திருத்தினாள்.
திருந்தினேன், தேவைக்கு மேலேயே.
மைனி, நீங்க சாப்ட்டீங்களா.
மைனி, உங்களுக்கு போன் வருது.
ஒவ்வொரு 'ங்க'விலும் ஒரு பிளேடு வைத்தேன்.
அவள் கையை அறுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தாறாம் நாள் அண்ணன் மஸ்கட் போனான்.
மரச்சீனியும் சாளைக் கறியும் வைத்து
ஒரே மேசையில் இரண்டு பேர் தின்றோம்.
கோப்பு மட்டும் போய்வந்தது.

"பொம்மப் படத்துல என்னக்கா இருக்கு?"
கடைப் பையன் ஸ்டெபின் கேட்டான்.
லேய், அதில் வில்லனுக்கும் ஒரு மதியம் கொடுத்திருப்பார்கள்,
காய்ச்சலில் கிடந்து, யாரும் வராத ஒரு மதியம்.
அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் அவனை வெறுப்பது
மலையில் தண்ணீர் சுமக்கிற வேலை.
இதைச் சொல்லவில்லை. டிஸ்பிளேயை ஒட்டி அழுத்தினேன்.
மைனிக்கும் அப்படியொரு மதியம் இருந்திருக்கும்.
நான் கேட்டதில்லை.

நேற்று ராத்திரி ஒன்றரைக்குப் படிக்கட்டில் சத்தம்.
ஈரத் தலையில் துண்டோடு அவள்.
"எரநூத்திப் பதினாலு காலியாட்டு கெடக்கு."
தெரியும், மைனி.
"நாலு நாளாச்சு."
தெரியும், மைனி.
என் தோளுக்கு மேலாகக் கை நீட்டித் தட்டினாள்:
லேய்.

ஓட்டிப் பார்த்தோம்.
பாலம். மழை. பதினொரு விநாடி.
எரித்தவளின் மகள் உதடு துடிக்க,
பனி விழுகிற குரலில்,
லேய்.

அம்மா எழுந்துவிடுவாளே என்று
நான் தலையணையைக் கடித்தேன், அவள் துண்டைக் கடித்தாள்.
மறுபடி ஓட்டினோம்.
மூன்றாம் தடவை
சிரிப்பு வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தோம்:
அத்தனை வருடம் கழித்து
யாரோ தன்னை லேய் என்று விட்டார்கள்
என்கிற முகம்.

கரண்ட் போயிற்று.
இருட்டில் எத்தனை விநாடி என்று
நான் எண்ணவில்லை. அது அவள் வேலை.

"சேவ் பண்ணுனியா?"

"இல்லட்டி."